ஜெசிந்தா கேட்ட முதல் கேள்வி

இந்த ஜூன் மாதம், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான எங்கள் வள மையத்துக்கு ஒரு பெட்டி நிறையப் பேசும் டேப்லட்டுகள் வந்து இறங்கின. நான் ஓய்வு பெற்றுவிட்டாலும், பெட்டியைப் பிரிக்கிற அன்று வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். படத்தைத் தொட்டால் தமிழில் பேசுகிறது. ஆண் குரல், பெண் குரல், சிறுவர் குரல் என்று வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சுபா நாலைந்து படங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இல்லாத காலத்துல என்னதான் செஞ்சிய டீச்சர்?" என்று கேட்டாள். நெருப்புக்கு முந்தைய காலத்து மனுஷியிடம் சோறு எப்படிப் பொங்கினீர்கள் என்று கேட்பதுபோல் இருந்தது அவள் கேட்ட தோரணை. அவள் சொல்லும் அந்தக் காலம் ஏழெட்டு வருடத்துக்கு அப்பால் இல்லை. அன்று அவளுக்கு வாயால் சொன்ன பதிலை இப்போது எழுத்தில் வைக்கிறேன்.

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஊர் வரலாறு வாசிப்பதும், வாசித்ததில் ஆண்டு சரிதானா என்று பார்ப்பதும் என் பொழுதுபோக்கு. கொற்கையை விட்டுக் கடல் எப்போது விலகியது என்பதில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் ஆண்டுகளைச் சொல்லப் போவதில்லை. நான் போய் வந்த வீடுகளில் நாள்கணக்கு வேறு மாதிரி: மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால், பின்னால், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால், பின்னால், அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால், பின்னால். யாரைக் கேட்டாலும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால் நானும் அதையே பின்பற்றுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். அம்மா, அப்பா இருவரும் ஆசிரியர்கள். சிறப்பாசிரியர் படிப்பும் பயிற்சியும் பாளையங்கோட்டையில் முடித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறையப் படித்தோம், நிறைய எழுதினோம், பிள்ளைகளைக் கொஞ்சமாகப் பார்த்தோம். உண்மையான படிப்பு தூத்துக்குடியில், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்த பிறகு தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் என் மேலதிகாரி தமயந்தி மேடம்.

மேடம் பேச்சுப் பயிற்சி படித்தவர். குள்ளமானவர். பருத்திப் புடவையை எப்போதும் கொசுவம் கலையாமல் கட்டியிருப்பார். கைப்பையில் சீப்பு, பேனா இருக்கிறதோ இல்லையோ, பெப்பர்மிண்ட் மிட்டாய்ப் பொட்டலம் கட்டாயம் இருக்கும். நான் சேர்ந்த முதல் வாரம் என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். பேச்சு வராத ஒரு பையனிடம், "பந்து வேணுமா, வண்டி வேணுமா?" என்று நான் கேட்டேன். அவன் பதில் காட்டுவதற்குள், "பந்தா? வண்டியா? வண்டிதானே?" என்று அடுக்கினேன். மேடம் என்னைக் கண்டிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிட்டாயை என் கையில் வைத்தார்.

"வாயில போடுங்க. இப்ப ஒரு மட்டம் கேளுங்க. மிட்டாய் கரையுற வரைக்கும் நீங்க பேசப்படாது. கடிச்சுத் திங்கவும் படாது."

பெப்பர்மிண்ட் கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்ட கேள்வி அந்தப் பையனின் காதில் விழுந்து, மனதில் பதிந்து, பதில் தீர்மானமாகி, அந்தத் தீர்மானம் சொன்ன பேச்சு கேளாத கையை வந்து அடைய அத்தனை நேரம் தேவைப்பட்டது. மிட்டாய் பாதி கரைந்தபோது அவன் கை அசைந்தது. அவன் வேண்டும் என்று காட்டியது பந்தை. இதுதான் எங்கள் மையத்தின் நடைமுறை. வேறு மாவட்டத்தில் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மிட்டாய் போடுவது என்று சொல்வோம்.

பேசும் கருவி கிடைப்பதற்குப் பணம்தான் தடை என்று வெளியில் நினைக்கிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரு பையனுக்கு அவன் வாப்பா வளைகுடாவிலிருந்து விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அது பீரோவுக்குள் புதுத் துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். "வாப்பா வந்துதான் எடுப்பாஹ டீச்சர்," என்றார் அவன் அம்மா. அதாவது பிள்ளையின் பேச்சு வருடத்துக்கு ஒரு மாதம், வாப்பாவின் விடுமுறையில் மட்டும். அந்தப் பீரோவைத் திறக்க வைக்க நான் அங்கே குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. கடைசியில் திறந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது ஜெசிந்தாவின் கதை.

ஜெசிந்தா திரேஸ்புரத்துப் பெண். நான் முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. பிறந்தபோதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. கை, கால், நாக்கு எதுவும் சொன்னபடி கேட்காது. சக்கர நாற்காலியில் இருப்பாள். 'ம்', 'ஆ' என்று இரண்டு மூன்று ஒலிகள்தான் வரும். ஆனால் கண் இரண்டும் எதையும் விடாது. வீட்டில் யாராவது பொய் சொன்னால் முதலில் சிரிப்பவள் அவள்தான் என்று அவள் அம்மா அமலி சொல்வாள். அப்பா மிக்கேல் சங்கு குளிப்பவர். வாயில் காற்றுக் குழாயைக் கவ்வி, இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கடலுக்கு அடியில் இறங்கும் தொழில். அந்தக் கயிற்றின் மேல்முனை வள்ளத்தில் அமலியின் தம்பி தொம்மையின் கையில் இருக்கும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்காள் தாலி கையில் இருக்கும்போது தம்பி கண்ணயர மாட்டான் அல்லவா!

பேசும் கருவியும் அதைச் சக்கர நாற்காலியில் பொருத்தும் சட்டமும் கொடுப்பதற்கு ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டு முகாம் நடக்கும். அந்த ஆண்டு மாதா கோயில் திருவிழா முடிந்த பிறகு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தார்கள். மேடத்துக்கு அன்று வேறு ஊரில் வேலை. நான் ஜெசிந்தாவையும் அமலியையும் அழைத்துப் போனேன். மதிப்பீடு செய்ய வந்த அதிகாரி சாத்தான்குளத்துக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் வெளியே வரிசை கேட் வரைக்கும் நின்றது. மேசைமேல் நாலு அட்டைகளைப் பரப்பி, "மீன் எது?" என்று கேட்டார். ஜெசிந்தாவின் கை கிளம்பிற்று. வழக்கம்போல் முதலில் எதிர்ப்பக்கம் போய், தோளில் மோதித் திரும்பிற்று. அதற்குள் அவர், "சரி, வீடு எது?" என்றார். அந்த நேரத்தில் அவள் கை மீனில் போய் விழுந்தது. "பந்து எது?" என்றபோது கை வீட்டில் இருந்தது. "பூ எது?" என்றபோது பந்தில்.

எல்லாக் கேள்விக்கும் அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி பிந்தி வந்தது, அவ்வளவுதான். நான் அதைச் சொல்லிக் கொஞ்சம் நேரம் கேட்டேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டி, எத்தனை பேர் நிற்கிறார்கள் பாருங்கள் என்றார். கேள்விகளைப் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதினார். புரியாத பிள்ளைக்குக் கருவி கிடையாது.

அடுத்த முகாம் மறு ஆண்டுதான். அதற்கு அடுத்த முகாம் வருவதற்குள் ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு முடிந்துவிடும். எங்கள் திட்டத்திலிருந்தே பெயர் போய்விடும். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. மேடத்திடம் வந்து சொன்னேன். ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டு யோசித்தார். பிறகு, "கருவி வார வரைக்கும் பேசாம இருக்கணும்னு சட்டமா? அட்டையில ஆரம்பிங்க," என்றார்.

அட்டையோடு போனபோதுதான் இரண்டாவது தடை வாசலில் நின்றது. அது மிக்கேல். படங்களை ஒட்டிய பலகையைப் பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பலகையைத் தொட்டுப் பழகிவிட்டால் மகளுக்கு வாய் வரவே வராது என்பது அவர் நம்பிக்கை. மாதாவிடம் அவர் பதினாறு வருடமாக வேண்டிக்கொண்டிருப்பது பேச்சை, பலகையை அல்ல. கருவி பயன்படுத்தும் பிள்ளைகளுக்குப் பேச்சு முயற்சி குறைவதில்லை, பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது என்று நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டவில்லை.

குசினியில் சாளை மீன் அலசிக்கொண்டிருந்த அமலி திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினாள்.

"அடியில கெடக்கும்போது கயித்த இழுத்துத்தான எங்க தம்பிகிட்டப் பேசுதிய. மேல வந்த பெறவு ஒங்களுக்கு வாய் அத்தா போச்சி? தெருவுக்கே கேக்கத்தான சத்தம் போடுதிய."

"அது தொழிலு," என்றார் மிக்கேல்.

"இவளுக்கு இது தொழிலு."

இந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றிப் பழைய பயணிகளும் அதிகாரிகளும் எழுதியவற்றை நான் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். சிப்பியை எண்ணியிருக்கிறார்கள், வரியை எண்ணியிருக்கிறார்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் வாசித்ததில் எங்கும் இல்லை. அன்றைக்கு அதை மிக்கேலிடமே கேட்டேன். அவர்கள் வள்ளத்தில் ஒரு இழுப்பு என்றால் கயிற்றைத் தளர்த்து. இரண்டு என்றால் பை நிறைந்துவிட்டது, தூக்கு. விடாமல் இழுத்தால் ஆளைத் தூக்கு. சொல்லி முடித்துவிட்டு, அவர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

அடுத்த வாரம் போனபோது வீட்டுக்குள் ஒரு நைலான் கயிறு ஓடியது. ஒரு முனை ஜெசிந்தாவின் மணிக்கட்டில். மறுமுனை குசினிச் சுவரில், சிப்பி போட்ட பால்பவுடர் டப்பாவில். ஒரு இழுப்பு: வா. இரண்டு: தண்ணீர். விடாமல் இழுத்தால் உடனே வா. விரலால் ஒரு படத்தைத் தொடுவதைவிடக் கையை வீசி இழுப்பது அவளுக்குச் சுலபம். அந்த வீட்டின் முதல் பேச்சுக் கருவியைச் செய்தது நானில்லை, மிக்கேல். பிரச்சினை ஒன்றே ஒன்று. அமலி டிவியில் தொடர் பார்க்கும் நேரமாகப் பார்த்து ஜெசிந்தா விடாமல் இழுத்தாள். ஓடிப் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டு இருப்பாள். கயிற்றுக்குப் பிறகு பலகைக்கும் எதிர்ப்பு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலம் தொடங்கியபோது என் பழைய செல்போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல். மற்றபடி நல்ல போன். படத்தைத் தொட்டால் பேசும் இலவசச் செயலி ஒன்றை அதில் போட்டிருந்தேன். திரை சிறியதால் ஒரு பக்கத்தில் நாலு கட்டங்களுக்கு மேல் வைக்க முடியாது. வைத்தால் அவள் விரல்முட்டி இரண்டு கட்டத்தில் ஒன்றாக விழும். தொம்மை ஒரு மரச்சட்டம் செய்து போனை நாற்காலியில் பொருத்திக் கொடுத்தான். ஜெசிந்தா தண்ணீர்ப் படத்தைத் தொட்டாள். "எனக்குத் தண்ணீர் வேண்டும்," என்றது போன், ஒரு உணர்ச்சியும் இல்லாத பெண் குரலில்.

"டிவியில செய்தி வாசிக்காளே," என்றாள் அமலி. ஜெசிந்தா போனைப் பார்த்த பார்வையில், இது நான் இல்லை என்பது தெளிவாக இருந்தது. மறுபடி அதைத் தொடவே மறுத்துவிட்டாள். திரேஸ்புரத்தில் யார் தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறார்கள்?

அடுத்த வீட்டுப் பெனிட்டா ஜெசிந்தாவின் வயதுதான்; பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஒவ்வொரு படத்துக்கும் அவள் குரலையே பதிவு செய்தோம். "தண்ணி தாங்க." "போதும்." "வேண்டாம்." "சும்மா சொன்னேன்." ஜெசிந்தா ஒவ்வொன்றையும் கேட்டு 'ம்' கொட்டிய பிறகுதான் அடுத்தது. அன்றைக்குப் பெனிட்டாவுக்கு நல்ல ஜலதோஷம். அதனால் பல மாதங்கள் ஜெசிந்தா மூக்கடைத்த குரலிலேயே பேசினாள். மாற்றலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள், அதே குரலில்.

தமயந்தி மேடம் வந்து பார்த்தார். மகிழ்ச்சிதான், ஆனால் ஒரு குறை சொன்னார். பக்கங்கள் எல்லாவற்றிலும் கொடு, வேண்டும், போதும் என்றே இருக்கிறது. கேள்வி ஒன்றுகூட இல்லை. "கேக்கத் தெரிஞ்சாத்தான் அது பேச்சு. தா, தான்னு மட்டும் சொன்னா அது ஓட்டல் ஆர்டர்," என்றார். எனவே பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் கேள்விகளுக்கென்று ஒரு பக்கம் சேர்த்தோம். யாரு? என்ன? ஏன்? நாலாவது கட்டத்துக்கு 'எங்கே' என்பதற்கான படத்தை வைத்தேன். பெனிட்டா இயல்பாக, "எங்க போறீய?" என்று முழுதாகப் பேசிப் பதிந்தாள். கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டேன். அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அமலி போன் செய்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. உடனே வாருங்கள் என்றாள்.

நடந்தது இதுதான். விடியற்காலையில் மிக்கேல் பையும் கயிறும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். ஜெசிந்தாவின் கை கிளம்பியிருக்கிறது. அவர் வாசல்படியில் ஒரு கால் வைத்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது: "எங்க போறீய?"

புறப்படுகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் ஊர்ப் பக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். கடலுக்கு அடியில் இறங்கப் போகிறவரிடம் கேட்பது அதற்கும் மேலே. மிக்கேல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்று கடலுக்கே போகவில்லை.

நான் போனபோது அவர் வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஜெசிந்தா உள்ளே, பரீட்சையில் பெயில் ஆனவள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டிருந்தாள்.

"அந்தப் போன எடுத்துட்டுப் போயிருங்க டீச்சர்," என்றார் மிக்கேல். "பதினாறு வருசமா ஒரு வார்த்த பேசாத புள்ள. அப்பாகிட்ட மொத மொத வாயத் தொறந்து கேக்குறது இதையா?"

வாயில் மிட்டாய் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் சும்மா நின்றேன். இந்த முறையும் பதில் குசினியிலிருந்துதான் வந்தது.

"தொம்மை மவன் மூணு வயசுல இதையேதான் கேட்டான். முதுகுல ரெண்டு வச்சிய. பெறவு கேட்டானா?"

"அவன் சின்னப் புள்ள. தெரியாமக் கேட்டான்."

"இவளுக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?"

தெருவில் ஒரு மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மிக்கேல் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறை கேட்டு, ஒரு முறை ஏச்சு வாங்கி, பிறகு கேட்காமல் வளர்ந்தவர்கள். ஜெசிந்தா எதையும் கேட்க முடியாததால், எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. பதினாறு வயது வரை அவளை யாரும் ஏசியதும் இல்லை. வந்தவர் போனவர் எல்லாம் உச் கொட்டித் தலையைத் தடவிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

மிக்கேல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மகளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"ஏளா, இங்கன பாரு. கடலுக்குப் போற ஆளப் பாத்து எங்க போறீயன்னு கேக்கப்படாது. போற காரியம் வெளங்காது. தெரிஞ்சிச்சா? இன்னொரு மட்டம் கேட்ட, அப்பாவுக்குக் கெட்ட கோவம் வந்துரும்."

விரலை நீட்டி, குரலை உயர்த்தி, முறையாக ஏசினார். ஜெசிந்தா தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் உடம்பு முழுதும் சிரிக்கும், நாற்காலியே ஆடும். சட்டத்தில் இருந்த போன் ஆடியது. மணிக்கட்டுக் கயிறு இழுபட்டுக் குசினியில் டப்பா கலகலவென்று அடித்தது.

"ஏசுதேன், சிரிக்கா பாருங்க டீச்சர்," என்றார் மிக்கேல். அவருக்கும் அதற்கு மேல் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க முடியவில்லை.

போகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அன்று சாயங்காலம் பெனிட்டா பள்ளியிலிருந்து வந்ததும், "போய்ட்டு வாங்க" என்று ஒன்று பதிந்தோம். அதை வைக்க இடம் வேண்டுமே என்று நான் பழைய கேள்வியை அழிக்கப் போனேன். ஜெசிந்தாவின் கை கிளம்பியது. எதிர்ப்பக்கம் போய், தோளில் மோதி, திரும்பி வந்து விழுந்தது. "வேண்டாம்."

சரி என்று 'ஏன்' கட்டத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க போறீய?" என்றது மூக்கடைத்த குரல். பழக்க தோஷம், உட்கார்ந்துவிட்டேன். அமலி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். காப்பியைக் குடித்துக்கொண்டே ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தைத் தொட்டால் நிற்கிற ஆள் உட்கார்ந்துவிடுகிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்ட முகம் அது.

ஆகஸ்டில், மாதா கோயில் திருவிழாக் கொடி இறங்கிய மறுவாரம், அடுத்த முகாம் நடந்தது. அதே மண்டபம், அதே அதிகாரி, அதே வரிசை. இந்த முறை தமயந்தி மேடம் இருந்தார், மிக்கேலும் வந்திருந்தார். விதிப்படி கூட வந்தவர்கள் சுவர் ஓரமாக நிற்க வேண்டும். போனில் பேசுவதை மதிப்பீட்டில் சேர்க்க முடியாது, அட்டைதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அட்டைகளைப் பரப்பினார்.

மீன் எது என்றார். கை கிளம்பியது. வீடு எது என்றார். கை மீனில் விழுந்தது.

பந்து, பூ, மரம் எல்லாம் அதே மாதிரி, ஒவ்வொரு கேள்வி பிந்தி. அதிகாரி பேனாவை மூடினார். "போன வருசம் மாதிரிதான் இருக்கு டீச்சர். என்ன செய்ய?" என்று தன்மையாகவே சொன்னார். காலையிலிருந்து உட்கார்ந்த களைப்பு. டீ குடித்துவிட்டு வரலாம் என்று கோப்பினை மூடிவைத்து எழுந்தார். அமலி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்காலிக்குப் பின்னால் அவர் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"எங்க போறீய?"

அதிகாரி நின்றார். என்ன இருந்தாலும் சாத்தான்குளத்துக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம்தான். கை தானாக நாற்காலியைத் தேட, அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் யார் கேட்டது என்று சுற்றிப் பார்த்தார்.

"அவதான் சார்," என்றாள் அமலி.

"இதக் கேக்கப்படாதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

சுவர் ஓரத்திலிருந்து மிக்கேல் பதில் சொன்னார். "நல்லாத் தெரியும் சார். நாந்தான் ஏசிச் சொல்லிக் குடுத்தேன். நீங்க உக்காரணும்னுதான் கேட்டிருக்கா."

அதிகாரி ஜெசிந்தாவைப் பார்த்தார். அந்த மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து அவர் அவளை அட்டை வழியாக இல்லாமல் பார்த்தது அப்போதுதான். தமயந்தி மேடம் மெதுவாக நடந்து போய், ஒரு பெப்பர்மிண்டை மேசைமேல் வைத்தார்.

"இத வாயில போட்டுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க சார். கரையுற வரைக்கும் அடுத்தது கேக்க வேண்டாம். கடிக்கவும் வேண்டாம்."

அவர் தயங்கினார். பிறகு போட்டுக்கொண்டார். "மீன் எது?"

கை கிளம்பி, எதிர்ப்பக்கம் போய், தோளில் மோதி, திரும்பி, மேசைக்கு மேலாக மிதந்து வந்து மீனில் விழுந்தது. பந்தைக் கேட்டார், பந்தில் விழுந்தது. வீடு, வீட்டில். நாலாவது அட்டைக்கு அவர் போகவில்லை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தானாக ஒரு கேள்வி கேட்டார், போனிலேயே பதில் சொல்லலாம் என்றும் சொன்னார்.

"ஒனக்கு எதுக்கும்மா இந்த டேப்லட்?"

ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பினாள். வேண்டிய பக்கம் வரவில்லை, மறுபடி திருப்பினாள். "அப்பா," என்றது போன். பிறகு இன்னும் ஒரு பக்கம். அவர் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். "சண்டை."

மேடம் கடிக்க வேண்டாம் என்று சொன்ன மிட்டாய் அதிகாரியின் சிரிப்பில் நொறுங்கிய சத்தம் சுவர் ஓரம் வரை கேட்டது. "தாராளமாப் போடு," என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தார். கருவி, விரல் வழுக்காமல் இருக்கத் துளை போட்ட மூடி, நாற்காலிச் சட்டம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீ குடிக்கப் போகவில்லை. அடுத்த பிள்ளையை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் மேடத்திடம் கையை நீட்டி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். மேடம் பொட்டலத்தையே மேசைமேல் வைத்துவிட்டு வந்தார்.

டேப்லட் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் வந்து சேர்ந்தது. பெரிய திரை, ஒரு பக்கத்தில் இருபது கட்டங்கள். பெனிட்டா மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தாள், இந்த முறை ஜலதோஷம் இல்லாமல். பழைய குரலில் இரண்டே இரண்டை மட்டும் மாற்றக் கூடாது என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். எந்த இரண்டு என்று சுபா கேட்டாள். அதை நேரிலேயே பார்க்கத்தான் அவளை அழைத்துப் போனேன்.

போன வாரம் விடியற்காலையில் இருவரும் திரேஸ்புரத்துக்குப் போனோம். மிக்கேல் பையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வந்தவர் வாசல்படியில் நின்று மகள் பக்கம் திரும்பினார். ஜெசிந்தாவின் கை கிளம்பியது. எதிர்ப்பக்கம் போய், தோளில் மோதி, திரும்பி வந்து, நேராக 'எங்க போறீய' கட்டத்துக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது. தொம்மை வெளியில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏளா," என்றார் மிக்கேல். "வேண்டாம், சொல்லிட்டேன்."

கை அசையவில்லை. கண் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டெய்லி இப்படித்தான் பயங்காட்டுதா டீச்சர்," என்றார் என்னிடம். சொல்லும்போது முகம் கொள்ளாத சந்தோஷம். சுபா பேச வாயைத் திறந்தாள். நான் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

கை மெதுவாகப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து விழுந்தது.

"போய்ட்டு வாங்க," என்றாள் ஜெசிந்தா, மூக்கடைத்த குரலில்.

"வாரேன்," என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார்.